சில்லு எவ்வளவு திரும்பலாம்?

நேர் வழியிற் செல்லுதல் எந்த வண்டிக்கும் எளிது. அதன் தகைமை வெளிப்படுவது வளைவில். வீதிவலம் வரும் ஆலயத் தேரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சில்லுகள் நேரே நோக்கி நிற்பவை. இடமாகவோ வலமாகவோ திரும்பும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. வீதியின் மூலையை அடைந்ததும், முட்டுக்கட்டை இடுவோர் சில்லுக்கு முன்னே கட்டையைச் செருகி, அணு அணுவாகத் தேரைத் திருப்புகின்றனர். வடம் பிடிப்போர் நூற்றுவர் ஆயினும், தேரின் திசையைத் தீர்மானிப்பவர் கட்டை ஏந்திய அந்தச் சிலரே.

இரண்டு சில்லுடைய மாட்டுவண்டிக்கு இத்தொல்லை இல்லை. மாடுகள் திரும்பிய பக்கமாக அதுவும் திரும்பும். முச்சக்கரவண்டிக்கும் இடர் குறைவே. முன்னால் இருப்பது ஒரு சில்லு ஆதலின், அது வேறெந்தச் சில்லோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. நான்கு சில்லுகள் கூடிய இடத்திலேதான் சிக்கல் பிறக்கின்றது. முன்னுள்ள இரண்டும் ஒருங்கே திரும்ப வேண்டும். ஆயினும் ஒரே அளவாகத் திரும்பலாகாது. இது முதற் கேள்விக்கு முரணாகத் தோன்றும். இதன் காரணத்தை அறிந்துகொண்டால், மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் அமைப்பைப் பற்றிய பாதி உண்மை விளங்கிவிடும்.

வண்டி ஒன்று வளைவிற் செல்லும்போது, அதன் நான்கு சில்லுகளும் ஒரே மையத்தைச் சுற்றி நான்கு வட்டங்களை வரைகின்றன. வளைவின் உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. சிறிய வட்டத்துக்கு அதிகத் திருப்பம் வேண்டும். பெரிய வட்டத்துக்குக் குறைந்த திருப்பம் போதும். இரண்டும் சமமாகத் திரும்பினால், ஏதேனும் ஒன்று உருளாமல் உராய்ந்து இழுபடும். டயர் தேயும், திருப்பும் கைக்கும் பாரம் ஏறும்.

பழைய குதிரை வண்டிகளில், முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பிற்று. வண்டியின் உடலுக்குக் கீழே புகுந்து திரும்ப வேண்டியிருந்தமையால், முன்சில்லுகளைச் சிறியனவாகவே செய்ய நேர்ந்தது. அன்றியும், அச்சு மிகத் திரும்பிய வேளையில் வண்டியின் தாங்குதளம் நாற்கோண வடிவம் இழந்து முக்கோணம்போற் குறுகும். வண்டி கவிழ்வதற்கு அதுவே வழியாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில், சார்ள்ஸ் டார்வினின் பாட்டனாரும் மருத்துவருமான இராஸ்மஸ் டார்வின் இதற்கு ஒரு மாற்றுவழியைச் சிந்தித்தார். பின்னர் மியூனிக் நகர வண்டி வினைஞர் கியோர்க் லங்கென்ஸ்பேர்கர் என்பார், அச்சை அசைக்காமல் அதன் இரு முனைகளிலும் உள்ள சில்லுகளை மாத்திரம் திருப்பும் அமைப்பை ஆக்கினார். அவர் பொருட்டு 1818 இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றவர், ஜேர்மனியிற் பிறந்து அந்நகரிற் பதிப்பாளராக விளங்கிய ருடோல்ப் அக்கர்மான். உரிமை பெற்றவரின் பெயரே நிலைத்தது; இன்றும் அவ்வமைப்பை அக்கர்மான் அமைப்பு என்றே உலகம் வழங்குகின்றது.

1886 இல் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ், அதனை மூன்று சில்லுகளோடு செய்ததற்கும் இச்சிக்கலே காரணம். நான்கு சில்லு வண்டியைத் திருப்புதற்கு அவர் மனம் கொள்ளத்தக்க வழி அப்போது அவருக்குக் கிட்டவில்லை. 1893 இல் அவ்வழி கைவந்த பின்னரே அவரது நான்கு சில்லு வண்டி வெளிப்பட்டது.

இனி, இன்றைய காரின் முன்பக்கத்தைக் காண்போர் கீழ்வரும் உறுப்புகளை அங்கு அறியலாம். ஸ்டியரிங் வளையம் சுழலும்போது, அதன் தண்டின் அடியிலுள்ள சிறிய பற்சில்லு சுழல்கின்றது. அது, மெக்கானிக்குகள் ரக் என அழைக்கும் பற்சட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்துகின்றது. பற்சட்டத்தின் இரு முனைகளிலும் டை ரொட் எனப்படும் கம்பிகள் பிணைந்துள்ளன. டை ரொட்டின் மறுமுனை, சில்லைத் தாங்கும் நக்கிள் என்னும் உறுப்பின் கையைத் தள்ளுகின்றது, அல்லது இழுக்கின்றது. நக்கிள் தன் சுழலச்சைச் சுற்றித் திரும்ப, சில்லும் உடன் திரும்புகின்றது. நக்கிளின் கீழ்ப்புறத்தை லோவர் ஆர்ம் எனும் கீழ்க்கை ஒரு போல் ஜொயின்டினாற் பற்றியிருக்கின்றது. மேற்புறத்தைச் சுருள்வில்லும் ஷொக் அப்சோர்பரும் தாங்குகின்றன. ஸ்டியரிங் என்றும் சஸ்பென்ஷன் என்றும் இரண்டாகப் பெயரிட்டு வழங்கினும், சில்லினிடத்தில் இவை இரண்டும் ஒன்றே.

வழமையான காரில், உட்புறச் சில்லு 35 முதல் 40 பாகை வரை திரும்பும். இவ்வெல்லையாற் விளைவது யாது? ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 8 அடியும், முன்சில்லுகளின் சுழலச்சுகளுக்கு இடையே 4 அடியும் உள்ள ஒரு காரைக் கருதுக. உட்சில்லு 40 பாகை திரும்பினால், வெளிச்சில்லு ஏறத்தாழ 31 பாகை திரும்ப வேண்டும். வெளிச்சில்லு வரையும் வட்டத்தின் விட்டம் அப்போது 31 அடி அளவாகும். உட்சில்லு 50 பாகை திரும்புமாயின், வட்டத்தின் விட்டம் 27 அடியாகச் சுருங்கும். பத்துப் பாகையின் பயன் நான்கு அடி. ஒடுங்கிய தெருவிற் காரைத் திருப்ப முயன்றோர், நான்கு அடியின் மதிப்பை நன்கு அறிவர்.

இலண்டன் வாடகைக் கார்களுக்கு 1906 இல் வகுக்கப்பட்ட விதிகள், 25 அடி வட்டத்துள் வண்டி திரும்ப வேண்டும் எனப் பணித்தன. அந்நகரின் கரிய வாடகைக் கார் ஒரே வீச்சிற் திரும்பிச் செல்லும் காட்சி அதனாற் புகழ் பெற்றது. 1959 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்ட் என்னும் சிறிய காரும் 25 அடி வட்டத்துள் திரும்ப வல்லதாக இருந்தது. ஆகவே, மிகுந்த திருப்பம் இயலாத காரியம் அன்று. தொடக்கத்திலேயே அதற்கென வடிவமைத்தால் அது கைகூடும். வேறொரு நோக்கிற்கென வடிவமைத்த காரிற் பின்னர் அதனைப் புகுத்த முனைவோர்க்கே வேலை கடினமாகின்றது.

அவ்வாறு முனைவோர் யாவர்? பெரும்பாலோர் டிரிப்ட் எனப்படும் சறுக்கோட்டப் பந்தயக்காரர். இக்கலை ஜப்பானிலே தோன்றியது. 1970 களில் பந்தய வீரர் குனிமிட்சு தக்காஹாஷி, வளைவுகளிற் காரைப் பக்கவாட்டிற் சறுக்கவிட்டு ஓட்டிக் காட்டினார். அவரைக் கண்டு கற்ற கெய்இச்சி ட்சுச்சியா, மலைப்பாதைகளிற் பழகி அதனை ஒரு தனிக் கலையாக வளர்த்தார். 2001 இல் ஜப்பானில் டி1 பந்தயத் தொடரும், 2004 இல் அமெரிக்காவில் போர்முலா டிரிப்ட் தொடரும் ஆரம்பமாயின. இவற்றில் முந்துவது மட்டும் வெற்றி அன்று. எவ்வளவு கோணத்தில், எத்துணை ஒழுங்கோடு சறுக்கினார் என்பதை நடுவர் அளந்து புள்ளி இடுகின்றனர்.

சறுக்கோட்டத்தில் வண்டியின் பின்பாகம் வெளியே வழுக்குகின்றது; மூக்கு வளைவின் உள்ளே நோக்குகின்றது. ஓட்டுநர் முன்சில்லுகளை எதிர்ப்புறமாகத் திருப்பி, வண்டி உண்மையிற் செல்லும் திசையை நோக்க வைக்கின்றார். உடல் எவ்வளவு சாய்ந்து செல்கின்றதோ, ஏறத்தாழ அவ்வளவு முன்சில்லு எதிரே திரும்ப வேண்டும். சில்லின் திருப்பம் முடிந்த பின்னரும் உடல் சாய்ந்துகொண்டே போனால், வண்டியை மீட்க வழியில்லை. அது பம்பரம்போற் சுழன்று நின்றுவிடும். ஆகவே, இவ்விளையாட்டில் மேலதிகமான ஒவ்வொரு பாகையும் ஓட்டுநரின் கையிலுள்ள சேமிப்புப் பணம் போன்றது. பின்சில்லால் இயங்குவதும், அச்சுகளுக்கு இடையே 8 அடிக்குச் சிறிது மிகுந்த நீளம் உடையதுமான நிசான் சில்வியா போன்ற கார்கள் இதற்கு விரும்பப்படுகின்றன. உறுப்புகளை மாற்றியமைத்த பந்தயக் கார்களில் முன்சில்லு 60 பாகைக்கு மேலும் திரும்பும்.

இன்னோர் உதாரணம் மொனாக்கோவில் உண்டு. அந்நகர வீதிகளில் 1929 இல் ஆரம்பமான பந்தயத்தின் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கின்றது. மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் ஓடவல்ல போர்முலா 1 கார்கள், ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் அதனைக் கடக்கின்றன. மற்றைய பந்தயங்களுக்குப் போதுமான திருப்பம் அங்கே போதாது. ஆதலால், அந்த ஒரு வளைவின் பொருட்டு முன்பக்க உறுப்புகளை மாற்றிக்கொண்டே அணிகள் அங்கு செல்கின்றன.

சரி, திருப்பத்தை அதிகரிப்பது எங்ஙனம்? முதலிலே, சில்லைத் தடுத்து நிறுத்துவது எது என்பதை அறிதல் வேண்டும். பற்சட்டத்தின் நகர்வு முடிந்திருக்கலாம். நக்கிள் தடுப்பு பொல்டில் முட்டியிருக்கலாம். டயரின் உட்புறம் சட்டகத்திலோ குறுக்குக் கம்பியிலோ உராயலாம். போல் ஜொயின்ட் தான் சாயக்கூடிய கடைசி அளவை எட்டியிருக்கலாம். முன்சில்லால் இயங்கும் காராயின், சில்லுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் மூட்டே ஏறத்தாழ 50 பாகையில் எல்லை இட்டுவிடும். ஒரு தடையை நீக்கியதும் அடுத்த தடை முன்வந்து நிற்கும். ஆக, திருப்பத்தின் எல்லை தனியோர் உறுப்பு விதித்த கட்டளை அன்று. பல உறுப்புகள் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கை. ஒன்றின் பங்கை மாற்றினால், மற்றவற்றின் பங்கையும் மறுபடி எழுத வேண்டும்.

முதலாவது வழி மிக எளியது. பற்சட்டத்துக்கும் டை ரொட்டின் உள்மூட்டுக்கும் நடுவே ஒரு வளையத் தகட்டை இடுவர். அதன் தடிப்பளவுக்குப் பற்சட்டம் மேலும் உள்ளே நகரும். சில பாகை கூடும். செலவு குறைவு; வேலையும் சிறிது. ஆனால், தகட்டின் தடிப்பளவுக்குத் திருகுப்புரியின் பிடி குறைகின்றது என்பதை மறத்தலாகாது. பற்களின் வரிசை முடியும் இடத்துக்கு அப்பால் பற்சட்டத்தை ஓடவிடவும் கூடாது.

இரண்டாவது வழி, நக்கிளின் கையைக் குறுக்குதல். சுழலச்சிலிருந்து டை ரொட் பிணையும் இடம் வரை 5 அங்குலம் நீளமுள்ள கை ஒன்றை, பற்சட்டம் 3 அங்குலம் தள்ளுவதாகக் கொள்க. எளிய கணக்கின்படி சில்லு 37 பாகை திரும்பும். அதே கையை 4 அங்குலமாகக் குறைத்தால், அதே 3 அங்குல நகர்வுக்கு ஏறத்தாழ 49 பாகை திரும்பும். ஓர் அங்குலக் குறைப்பில் பன்னிரண்டு பாகை இலாபம். ஆயினும் நெம்புகோலின் நியதி எவருக்கும் தள்ளுபடி தருவதில்லை. கை குறுகியதால், சில்லைத் திருப்ப நான்கில் ஒரு பங்கு மேலதிக விசை வேண்டும். அவ்விசை டை ரொட், பற்சட்டம், அவற்றின் மூட்டுகள் அனைத்தின்மீதும் ஏறும். வளையத்தின் சிறு அசைவுக்கும் சில்லு விரைந்து பதிலிறுக்கும். சறுக்கோட்ட வீரர் விரும்பும் இக்குணம் நெடுஞ்சாலையில் ஓட்டுநரைக் களைப்புறச் செய்யும்.

மூன்றாவது, கீழ்க்கையை நீட்டுதல். சில்லு சட்டகத்தை விட்டுச் சிறிது வெளியே நகர்வதால், டயர் உராயாமல் திரும்ப இடம் கிடைக்கின்றது. ஆனால் கீழ்ப்புறம் மாத்திரம் வெளியே செல்வதால், சில்லின் தலை உட்பக்கம் சாயும். இச்சாய்வைக் கம்பர் என்பர். அதனைத் திருத்தியமைத்தல் வேண்டும். டை ரொட்டும் அதற்கேற்ப நீளல் வேண்டும். டை ரொட்டும் கீழ்க்கையும் மேலும் கீழும் அசையும்போது ஒத்த வளைவுகளில் அசைவது இன்றியமையாதது. கதவின் இரு பிணைச்சல்களும் ஒரே கோட்டில் அமையாவிடின் கதவு இறுகுவது போல, இவ்விரண்டும் ஒவ்வாவிடின், வளையத்தைத் தொடாத வேளையிலும், மேடு பள்ளங்களில் சில்லு தானே திரும்பும்.

நான்காவது, அக்கர்மான் அமைப்பையே தளர்த்துதல். சறுக்கோட்டத்தில் முன்சில்லுகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில் நகர்கின்றன. அப்போது ஒன்று மிகத் திரும்பி மற்றது குறையத் திரும்பினால், ஒன்றின் பிடியை மற்றது கெடுக்கும். ஆதலின், டை ரொட் பிணையும் இடத்தைப் பெயர்த்து, இரு சில்லுகளும் ஏறக்குறைய சமமாகத் திரும்பும்படி அமைக்கின்றனர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கண்டறிந்த விதியைத் தேவை அறிந்து மீறுகின்றனர் எனலாம். அவ்வண்டியைக் கடைத்தெருவில் மெதுவாகத் திருப்பும்போது டயர்கள் முனகி உராய்வது அம்மீறலின் விலை.

மிகுதியான திருப்பத்தில் ஒளிந்திருக்கும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. துவிச்சக்கரவண்டியின் மிதி சரியாக உச்சியில் நிற்கையில், அதனை நேர் கீழே அழுத்தினாற் சில்லு சுழலாது. அதுபோல, டை ரொட்டும் நக்கிளின் கையும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால், இழுத்தாலும் தள்ளினாலும் சில்லு அசையாது. அந்நிலையைச் சற்றே கடந்தால், அது மறுபுறம் மடிந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டுநர் வளையத்தைத் திருப்பினும் சில்லு நேர்நிலைக்கு மீளாது. எனவே, திருப்பத்தை மிகுவிப்போர் புதிய எல்லையில் ஒரு புதிய தடுப்பு பொல்டையும் அமைத்தல் கட்டாயம். பழைய தடுப்பை நீக்கிவிட்டுப் புதியதை இடாமல் விடுவது, கிணற்றின் கட்டை இடித்துக் கிணற்றை அகலமாக்கியதாகப் பெருமை கொள்வதற்கு ஒப்பாகும்.

நக்கிளை அறுத்து ஒட்டுதல் பற்றியும் ஒரு வார்த்தை. நக்கிள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலோ, அடித்து வடித்த உருக்காலோ ஆனது. வெட்டி வெல்டிங் செய்யும்போது, ஒட்டின் அருகே உலோகத்தின் குணம் வேறுபடுகின்றது. வார்ப்பிரும்போ ஒட்டுக்கு எளிதில் இணங்குவதில்லை. வெளியே வழவழப்பாகத் தோன்றும் ஒட்டின் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கலாம். இயந்திரம் நின்றுபோனால் கார் நிற்கும். விளக்கு அணைந்தால் ஓரமாக ஒதுங்கலாம். நக்கிளோ டை ரொட்டோ ஓடும்போது முறிந்தால், ஒதுங்குவதற்குரிய வழியே முறிந்துவிடுகின்றது. அக்கணத்தில் காரிலிருப்போர் மாத்திரமன்றி, வீதியோரம் நடந்து செல்லும் பிள்ளையும் அந்த ஒட்டினை நம்பியே உயிர் வாழ்கின்றது. இதனாலேயே, ஒட்டுப்போடாமல் முழுதாக வடித்துச் செய்த நக்கிள்களை அறிந்தோர் நாடுகின்றனர். ஒட்டிய உறுப்பாயின், சாயமிட்டு வெடிப்பை அறியும் சோதனைக்கு அதனை உட்படுத்துகின்றனர்.

உறுப்புகளைப் பொருத்திய பின் செய்யத்தக்க சோதனைகள் சில. காரைத் தாங்கிகளின்மீது உறுதியாக ஏற்றி, சுருள்வில்லைக் கழற்றி, சில்லைக் கையால் மேலும் கீழும் அதன் முழு அளவுக்கு அசைத்தல் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வளையத்தை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் எங்கேனும் உராய்கின்றதா? போல் ஜொயின்ட் தன் எல்லையில் முட்டுகின்றதா? பிரேக் எண்ணெய்க் குழாய் இழுபடுகின்றதா, நசிகின்றதா? நேர்நிலையிற் போதுமான நீளமுள்ள குழாய், 55 பாகைத் திருப்பத்திற் போதாமற் போகலாம். அவ்வாறு அறுந்தால், திருப்பத்தைத் தேடியவர் பிரேக்கை இழப்பார். அதன் பின்னரே சில்லுகளின் நேர்மையையும் சாய்வையும் கருவி கொண்டு அளந்து ஒழுங்கு செய்தல் முறை. முதற் சில நாள் ஓட்டத்தின் பின்னர் எல்லாப் பொல்டுகளையும் மறுபடி சோதிப்பதும் அவ்வேலையைச் சேர்ந்ததே.

பந்தயத் திடலில் இவையெல்லாம் நாள்தோறும் நடைபெறுகின்றன. அங்கே பரிசோதகர் உண்டு, தலைக்கவசம் உண்டு, எதிரே வருவோர் இலர். பொது வீதியின் நியதி வேறு. ஜேர்மனி போன்ற நாடுகளில், அங்கீகாரம் பெறாத ஸ்டியரிங் மாற்றம் செய்த கார் வீதியில் ஓடும் அனுமதியையே இழந்துவிடக்கூடும். மாற்றம் செய்ய எண்ணுவோர் எந்நாட்டவராயினும், வண்டியைப் பரிசோதிக்கும் அதிகாரிகளிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்னரே கேட்டறிதல் தக்கது.

தயாரிப்பாளர் இட்ட தடுப்பு பொல்டைக் கண்டு, வீணாகக் கஞ்சத்தனம் செய்துவிட்டார் என்று எண்ணுவோர் உளர். அந்தப் பொல்ட், டயரும் குழாயும் மூட்டும் கையும் கம்பியும் கூடித் தந்த கணக்கின் விடை. விடையை மாத்திரம் அழித்து எழுதினால் கணக்குப் பிழையாகும். கணக்கு முழுவதையும் புதிதாகப் போட்டுப் பார்த்தவர், விடையை மாற்றும் உரிமையையும் பெறுகின்றார். இலண்டன் வாடகைக் காரைப் படைத்தோரும், மொனாக்கோ வளைவுக்குக் கார் அமைப்போரும், மலைப்பாதையிற் பிறந்த கலையைப் பந்தயத் திடலுக்குக் கொணர்ந்தோரும் செய்தது அதுவே. வண்டியை அதிகம் திருப்ப விரும்புவோர், முதலில் அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் படித்தல் நன்று.